ஆறுக்கு மேலே ஒரு இன்ட்டு

உண்மையை எழுதுங்க என்று அவளை யார் சொல்லச் சொன்னது? ஜெபக்கனி கரும்பலகையில் எண்கோட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். கை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பூஜ்யத்திலிருந்து எட்டு வரைக்கும் ஒரே இடைவெளி விட்டுக் குறி போட அவளுக்குக் கண்கூட வேண்டாம், ஆறு வருஷமாக இதே பலகை, இதே ஏழாம் வகுப்பு, இதே பாடம். கையைக் குறை சொல்ல முடியாது. வாய்தான். நேற்று மத்தியானம் இரண்டு பீரியட் ஒத்திகை பார்த்தாயிற்று, நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்தாயிற்று, நீ நாலு, நீ அஞ்சு, நீயும் நாலு, நீ மூணுன்னு வச்சுக்கோ, எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா நல்லாருக்காது என்று. பிள்ளைகளும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டுப் போனார்கள். இன்று காலை துண்டுச் சீட்டைக் கொடுக்கும்போது, நேற்று பள்ளி நேரத்தில் எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தாய் என்ற கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா? "பேரு எழுத வேண்டாம். உண்மைய எழுதுங்க" என்று சொல்லித் தொலைத்தாள். வருஷா வருஷம் தரவுப் பாடத்தை இந்த வாக்கியத்தோடுதான் ஆரம்பிப்பாள், அது நாக்கில் ஊறிக் கிடந்தது, பின்னால் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார் என்ற பயத்தில் நாக்கு தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டது. சொன்ன அந்த நிமிஷத்தில் நாற்பத்தொரு தலைகளும் நிமிர்ந்து அவளைப் பார்த்தன. டீச்சர் இன்னொரு தடவை சொல்வாளா, மாற்றிச் சொல்வாளா என்று பார்த்த மாதிரி இருந்தது. மாற்றிச் சொல்ல முடியுமா, பின்னால் இருப்பவர் காதில் விழ? தலைகள் குனிந்தன. பென்சில்கள் ஓடின. பெண்பிள்ளைகள் சொன்ன சொல் கேட்பவர்கள், அதிலும் கடைசியாகச் சொன்ன சொல்லை.

கோட்டின் இரண்டு முனையிலும் அம்புக்குறி போட்டாள். வேண்டுமென்றே மெதுவாகப் போட்டாள். மூன்றாவது பீரியட் முடிய இன்னும் இருபத்தைந்து நிமிஷம், அம்புக்குறியிலேயே ஒரு நிமிஷத்தைக் கழித்துவிட்டால் இருபத்து நாலு. திரும்பினால் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் வட்டாரக் கல்வி அலுவலர். ஊருக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, ஐம்பதை ஒட்டிய பெண்மணி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு வெறுங்கண்ணால் பார்க்கிறார். எதைத் தேடுகிறார் என்று தெரியாத பார்வை. அவர் முன்னால் பூப்போட்ட துணி விரித்த மேசை, மேசையில் ஒரு தம்ளர் தண்ணீர், அதன்மேல் ஒரு மூடி. மூடி வந்ததிலிருந்து எடுக்கப்படவில்லை. பக்கத்து நாற்காலியில் பெரிய டீச்சர் சந்தானலட்சுமி, பட்டுச் சேலையில். பெரிய டீச்சர் பட்டு கட்டினால் ஒன்று ஆண்டு விழா, இல்லையென்றால் ஆய்வு. இருவருக்கும் நடுவே ஒரு நீலக் கோப்பு, அதற்குள் ஜெபக்கனியின் நியமன ஒப்புதல். அரசு உதவி பெறும் பள்ளியில் நிர்வாகம் வேலை கொடுத்தால் மட்டும் போதாது, இலாகா ஒப்புதல் கொடுத்தால்தான் அவள் டீச்சர். அதுவரைக்கும் டீச்சர் மாதிரி. ஆறு வருஷமாக அவள் டீச்சர் மாதிரிதான் இருக்கிறாள். கோப்பு மூன்று தடவை போய்த் திரும்பி வந்தது, முதல் தடவை ஒரு கையெழுத்து குறைவென்று, இரண்டாம் தடவை போட்டோ சின்னதென்று, மூன்றாம் தடவை ஏனென்று யாருக்கும் தெரியவில்லை. இந்தத் தடவை அலுவலர் வகுப்பைப் பார்த்து எழுதும் குறிப்பும் சேர்ந்து போக வேண்டும். "இந்தத் தடவ முடிஞ்சிரும் பாரு" என்று காலையில் வீட்டுக்காரர் தங்கதுரை சொன்னார். மூன்று தடவையும் அதையேதான் சொன்னார் பாவம்.

சீட்டுகளைச் சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கினாள். முதல் சீட்டைப் பிரித்தாள். பூஜ்யம். வட்டமான, அழகான பூஜ்யம், யாரோ இரண்டு தடவை மேலே ஓட்டி அழுத்தி எழுதியிருந்தாள். இரண்டாவது சீட்டு, ஒன்று. மூன்றாவது, மறுபடி பூஜ்யம். மூன்றையும் மடித்துத் திரும்ப உள்ளே போட்டாள். டப்பாவை மூடினாள். நானே வாசித்துவிடலாமா? பூஜ்யத்தைப் பார்த்து நாலு என்று வாசித்தால் யாருக்குத் தெரியும்? சீட்டு எழுதியவளுக்குத் தெரியும். அவள் வாய் திறக்க மாட்டாள். ஆனால் பாடத்திட்டக் குறிப்பில், அலுவலர் மேசையில் இருக்கும் அதே குறிப்பில், ஜெபக்கனி தன் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாளே, மாணவிகள் ஒவ்வொருவராக வந்து சீட்டை எடுத்துத் தாங்களே எண்கோட்டின்மேல் குறியிடுவர் என்று. எழுதும்போது பெருமையாக இருந்தது. பிள்ளைகளே செய்கிற பாடம் என்றால் அதிகாரிகளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று பெரிய டீச்சர்தான் சொன்னாள். தண்ணீர்க் கேள்வியும் பெரிய டீச்சர் கொடுத்ததுதான். பள்ளிக்கூடங்களில் தண்ணீர் குடிக்க மணி அடிக்கச் சொல்லியிருக்கிறார்களே, வாட்டர் பெல், ஒரு நாளைக்கு மூன்று தடவை, "நாமளும் அடிக்கோம்ல, அதயே கணக்கா எடு ஜெபா, மேடத்துக்கு ரெண்டையும் காட்டுன மாதிரி ஆச்சு" என்றாள். அடிக்கிறோம், நிஜம்தான். மணி அடிக்கிறது. பிள்ளைகள் பாட்டிலைத் திறக்கிறார்கள், உதட்டில் வைக்கிறார்கள், மூடுகிறார்கள். சாயங்காலம் பாட்டில்களைத் தூக்கிப் பார்த்தால் காலையில் வந்த கனம் அப்படியே இருக்கும். இதெல்லாம் ஜெபக்கனிக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கவும் அவளுக்குத் தெரியும்.

"முதல் பெஞ்ச் வாங்க, ஒவ்வொருத்தரா" என்றாள். ஷர்மிளா பானு முதலில் வந்தாள், வகுப்புத் தலைவி. டப்பாவிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள், பார்த்தாள், சாக்பீஸை வாங்கினாள், பலகை முன்னால் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். "என்ன பானு, எண்ணுக்கு நேர் மேல ஒரு பெருக்கல் குறி." "இன்ட்டா டீச்சர்?" "ஆமா, இன்ட்டு." பானு குரலைத் தாழ்த்தினாள், ஆனால் அவளுக்குத் தாழ்த்திய குரலும் முற்றம் வரைக்கும் கேட்கும். "நேத்து நீங்க ரைட்டு போடச் சொன்னீகளே டீச்சர்." நேற்று ஒத்திகையில் அதுவும் நடந்தது. இன்ட்டு போட மாட்டோம் என்று பிள்ளைகள் அடம்பிடித்தார்கள், இன்ட்டு என்றால் தப்பு, நோட்டில் சிவப்பு மையில் விழுவது, தான் எழுதிய எண்ணுக்கு மேலே தானே தப்புப் போட எவளுக்கு மனசு வரும்? சரி, ரைட்டே போடுங்க என்று நேற்று விட்டுக்கொடுத்தாள். ஆனால் புத்தகத்தில் இன்ட்டுதான் இருக்கிறது, அதிகாரி புத்தகத்தைத்தான் பிரித்து வைத்திருக்கிறார். "இன்ட்டு போடு. இது தப்பு இல்ல, ஒரு ஆளுக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான்" என்றாள் ஜெபக்கனி, எல்லோருக்கும் கேட்க. பானு பூஜ்யத்துக்கு மேலே ஒரு சின்ன இன்ட்டைப் போட்டாள், கொசு அளவில். அடுத்தவள் அதன்மேல் இன்னொன்று. அடுத்தவள் ஒன்றில். அதற்கடுத்தவள் பூஜ்யத்தில். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், யாரோ எழுதிய சீட்டை யாரோ எடுத்தார்கள், இன்ட்டின்மேல் இன்ட்டு ஏறிக்கொண்டே போனது. பூஜ்யத்துக்கு மேல் அடுக்கு எட்டாத உயரத்துக்குப் போனபோது ஒருத்தி எம்பிக் குதித்துப் போட்டாள். கோட்டின் வலப்பக்கம், நாலு, அஞ்சு, ஏழு, எட்டு, எல்லாம் துடைத்த மாதிரி வெறுமையாகக் கிடந்தது.

காற்றில் பினாயில் வாடை வந்தது. இன்றைக்கு மட்டும் வருகிற வாடை. முற்றத்துக்கு அந்தப் பக்கம் கழிவறைக் கட்டடம், இளம் பச்சை வர்ணம், சுவரில் பெரிய வண்ணத்துப்பூச்சி, யாரோ நன்கொடையாளர் கட்டிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆடி மாதம் மோட்டார் எரிந்துபோனது. தண்ணீர் ஏறவில்லை. தண்ணீர் இல்லாமல் திறந்து வைத்தால் இரண்டே நாளில் வகுப்பில் உட்கார முடியாது என்று பெரிய டீச்சர் பூட்டினாள். அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை, தாளாளருக்கு நாலு கடிதம் எழுதினாள், வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறாள், அதுவரைக்கும் மானம் போகாமல் ஓட்டிவிட வேண்டும் என்று பார்க்கிறாள். பூட்டியது பூட்டியபடி இருக்கிறது. ஆசிரியைகளுக்கென்று அதிலேயே ஓர் அறை, குடத்துத் தண்ணீரோடு, சாவி அலுவலக மேசையில் எழுத்தர் சுடலைமுத்துவுக்குப் பக்கத்தில் தொங்கும். போய் எடுத்தால் அவர் தலையைத் தூக்காமலே, "என்ன டீச்சர், சாவியா?" என்பார். ஒன்றும் தப்பாகக் கேட்பதில்லை, நல்ல மனுஷன்தான், இருந்தாலும் அந்தச் சாவியா என்ற கேள்வியைக் கேட்பதற்குப் பதில் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடலாம் என்று ஜெபக்கனிக்குத் தோன்றி நாலு மாதம் ஆகிறது. இன்று காலை ஆயா டிரம்மில் தண்ணீர் கொண்டுவந்து கட்டடம் முழுவதும் கழுவிவிட்டாள், கதவெல்லாம் திறந்திருக்கிறது, வாசலில் கோலம்கூடப் போட்டிருக்கிறாள், கழிவறைக்குக் கோலம் போட்ட பள்ளிக்கூடம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். பிள்ளைகள் இன்டர்வெல்லில் அதன் முன்னால் கூட்டமாக நின்று பார்த்தார்கள். "மேடம் பாத்துட்டுப் போற வரைக்கும் ஒருத்தியும் உள்ள கால வைக்கக் கூடாது" என்று பெரிய டீச்சர் உத்தரவு. மூன்றாம் பெஞ்சில் ஒரு பிள்ளை இப்போது முழங்காலை இறுக்கிச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் ஜெபக்கனிக்கும் அடிவயிற்றில் சுள்ளென்றது. நீர்க்கடுப்பு, நாலு நாளாக. மாத்திரை போட்டால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம்.

நாற்பத்தொரு இன்ட்டும் ஏறிவிட்டன. ஒத்திகைப்படி இப்போது கேள்விகள். எண்ணுவது, பெரியது, சிறியது, வீச்சு, முகடு, அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். படத்தைப் பார்த்து என்ன தெரிகிறது, ஏன் இப்படி இருக்கிறது என்ற கடைசிக் கேள்வி இந்தப் படத்துக்கு வேண்டாம், வேண்டவே வேண்டாம். புத்தகத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. பக்கத்தின் அடியில், கட்டம் கட்டி. அதிகாரியின் விரல் பக்கத்தின் அடியில் இருப்பது மாதிரிப் பட்டது, இல்லை, பேனாதான், பேனா மூடி. "முதல் கேள்வி" என்றாள். "ஒண்ணுக்கு எத்தனை பேரு?" பின் வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தாள். சிரிப்பு பெஞ்சு பெஞ்சாக ஓடி முன்னால் வந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள், பானு வகுப்புத் தலைவியாக இருந்தும் டெஸ்க்குக்குள் தலையைவிட்டுக்கொண்டாள். ஜெபக்கனிக்குத் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் காதில் விழுந்தது. ஒண்ணுக்கு. இரண்டுக்கு எத்தனை பேர் என்று அடுத்துக் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முகம் கொதித்தது. "ஒன்று என்ற எண்ணுக்கு மேலே எத்தனை குறிகள்?" என்று புத்தகத் தமிழில் மாற்றிக் கேட்டாள். புத்தகத் தமிழில் யாருக்கும் ஒண்ணுக்கு வராது. "பதிமூணு டீச்சர்!" பெரிய டீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். அதிகாரி சிரித்தாரா, சிரிப்பை மென்றாரா, அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

கை தூக்குவதிலும் ஒரு ஏற்பாடு இருந்தது. கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும், பதில் தெரிந்தவள் வலது கை, தெரியாதவள் இடது கை, டீச்சர் வலது கைக்காரியைப் பார்த்து எழுப்புவாள், பின்னால் இருப்பவருக்கு வகுப்பே கையைத் தூக்கி நிற்கும். அவளுக்கு முந்தி இருந்த டீச்சர் சொல்லிக் கொடுத்த வித்தை. "மிகக் குறைந்தது எது?" என்று கேட்டாள், நாற்பத்தொரு கைகள். எது வலது? அவர்களுக்கு வலது அவளுக்கு இடதுதானே, இல்லை, அவர்கள் எதிரில் உட்கார்ந்திருப்பதால், பயத்தில் தன் வலது கை எதுவென்றே ஒரு கணம் மறந்து, சாக்பீஸ் பிடித்திருந்த கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். எழுப்பிய ஆன்சி இடது கைக்காரி. ஆன்சி எழுந்து நின்று பேந்தப் பேந்த விழித்தாள். இந்த ஆன்சிதான் போன மாதம் காலை வணக்கத்தில் சுருண்டு விழுந்தவள். ஆஸ்பத்திரிக்கு ஜெபக்கனிதான் ஆட்டோவில் கூட்டிப் போனாள். ஒழுங்கா தண்ணி குடிக்கிறதில்லையா பாப்பா என்று டாக்டரம்மா கேட்டபோது ஆன்சி ஜெபக்கனியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்குத் தாகமே எடுக்காது" என்றாள். எத்தனை கெட்டிக்காரப் பொய். பன்னிரண்டு வயசுப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஜெபக்கனி பக்கத்தில் நின்று, ஆமா, இவ குடிக்கவே மாட்டா, எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டா என்று சேர்த்துச் சொன்னாள், அதைத்தான் நினைத்து நினைத்து அவளுக்குத் தூக்கம் கெட்டது. "குறைந்தது பூஜ்யம் டீச்சர்" என்றாள் ஆன்சி, தானே கண்டுபிடித்து. "வெரி குட். அதிகம்?" "ஆறு!" "வீச்சு?" "ஆறு!" "முகடு?" முகடு என்றால் அதிகம் பேர் சொன்ன எண், தெரிந்த விஷயம், தெரிந்ததால்தான் கொஞ்சம் தயங்கினார்கள், அப்புறம் கூட்டமாகச் சொன்னார்கள், "பூஜ்யம்". பதினெட்டுப் பேர். நேற்றுக் காலை ஒன்பதே காலிலிருந்து மாலை நாலு வரை ஒரு மிடறும் இறங்காத பதினெட்டுத் தொண்டைகள் சேர்ந்து பூஜ்யம் என்றபோது நன்றாகத்தான் கேட்டது.

போதும். நோட்டில் வரைந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டால் மணி அடித்துவிடும், ஆறு நிமிஷம்தான் இருக்கிறது, வரைய ஐந்து, ஸ்கேல் தேட ஒன்று. "எல்லாரும் நோட்ட எடுங்க" என்று வாயைத் திறந்தாள். "டீச்சர், ஒரு நிமிஷம்" என்றார் அதிகாரி. நாற்காலியிலிருந்தே சொன்னார், சாந்தமாக. நெற்றியில் இருந்த கண்ணாடி இப்போது மூக்கில் இருந்தது. "எல்லாரும் இந்தப் பக்கமா இருக்காங்க. அந்த ஆறுல மட்டும் ஒண்ணு தனியா நிக்குதே. அது ஏன்னு பிள்ளைங்ககிட்ட கேட்டீங்களா?" கேட்கவில்லை மேடம். கேட்கக் கூடாது என்றுதான் முக்கால் மணி நேரமாக இந்தப் பலகை முன்னால் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். இது நல்ல கேள்வி, ஆசிரியப் பயிற்சியில் அவளுக்கே சொல்லிக் கொடுத்தார்கள், கூட்டத்தை விட்டு ஒற்றையாக நிற்கும் குறியைப் பார், அதை விசாரி, படம் பேசத் தொடங்கும் இடம் அதுதான். பேச வேண்டாம் தாயே. பெரிய டீச்சர் அவளை நேராகப் பார்த்தாள், கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள். அதற்கு என்ன அர்த்தம்? சமாளி என்றா? எல்லாம் போச்சு என்றா? "யாரும்மா ஆறு தம்ளர் குடிச்சது?" என்று அதிகாரியே கேட்டுவிட்டார். கேட்காமலே எல்லோருக்கும் தெரியும், பிள்ளைகள் ஒரே பக்கமாகத் திரும்பினார்கள். ஜன்னலோரம் முப்பிடாதி எழுந்தாள். நேற்று ஒத்திகையில் அவளுக்குக் கொடுத்தது நாலு. நாலோடு நின்றிருக்கக் கூடாதா இந்தப் பிள்ளை!

"நீ மட்டும் எப்படிம்மா இவ்வளவு குடிக்கிற?" முப்பிடாதிக்கு ஒளிவுமறைவு கிடையாது, கேட்டால் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். "எங்க வீடு பின்னாடித் தெரு மேடம். மதிலுக்கு அந்தப் பக்கம்." அதிகாரி புருவத்தைத் தூக்கினார். "வீடு பக்கத்துல இருந்தா தண்ணி அதிகமா குடிப்பாங்களா?" "ஆமா மேடம். இன்டர்வெல்ல நான் வீட்டுக்கு ஓடிப்போய்..." ஜெபக்கனிக்கு அந்த வாக்கியம் முழுவதும் முன்னாலேயே தெரிந்தது, அதன் அடுத்த சொல் தெரிந்தது, அதற்கடுத்து நீலக் கோப்பு நாலாம் தடவையாகத் திரும்பி வருவது தெரிந்தது, மே மாதத்தில் மாலையோடு போக வேண்டிய பெரிய டீச்சர் விளக்கக் கடிதத்தோடு போவது தெரிந்தது. "மேடம்" என்றாள். சத்தமாகவே வந்துவிட்டது. "மேடம், இது சும்மா பயிற்சிக்காக எடுத்துக்கிட்ட எண்ணுங்க மேடம். கற்பனைத் தரவு. வீச்சு, முகடெல்லாம் தெளிவாத் தெரியணும்னு நாங்களா அமைச்சது. நீ உக்காரு முப்பிடாதி." நாங்களா அமைச்சது. எவ்வளவு சரளமாக வந்தது. உண்மையை எழுதுங்க என்று சொன்ன அதே நாக்கு. முப்பிடாதி உட்காரவில்லை உடனே. திறந்த வாயோடு ஒரு கணம் நின்றாள், சொல்ல வந்த மிச்சம் வாயிலேயே இருந்தது, அப்புறம் அதை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்ற நாற்பது பேரும் ஜெபக்கனியைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார்கள், தாங்கள் எழுதிக் கொடுத்ததை, தாங்கள் எம்பிக் குதித்துப் போட்டதை.

"ஓ, கற்பனையா? நான் நிஜம்னு நெனச்சு பயந்துட்டேன்" என்றார் அதிகாரி. சிரித்தார். பெரிய டீச்சரும் சிரித்தாள், சிரிப்பு வெளியே வந்தபோது கூடவே ஒரு பெருமூச்சும் வந்தது. பேனா திறந்தது, நீலக் கோப்பு திறந்தது, என்னமோ இரண்டு வரி எழுதினார், கீழே கையெழுத்து, பேனா மூடியது. முடிந்தது. ஆறு வருஷம் இரண்டு வரியில் முடிந்தது. ஜெபக்கனிக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். தங்கதுரைக்குப் போன் போட வேண்டும், என்னங்க முடிஞ்சிருச்சு என்று சொல்ல வேண்டும். ஆனால் பலகையில் பதினெட்டு இன்ட்டும் அவளையே பார்த்து நின்றன, சிவப்பு மையில் இல்லை, வெள்ளைச் சாக்பீஸில்தான், இருந்தாலும் நேற்றுப் பிள்ளைகள் அடம்பிடித்தது சரிதான், இன்ட்டு என்றால் தப்புதான், யார் தப்பு என்பதில்தான் பிள்ளைகள் கொஞ்சம் ஏமாந்துவிட்டார்கள். வெட்கமாக இருந்தது. வெளியே ஓடிவிடலாம் போல வெட்கமாக இருந்தது. பயம் போனால் நிம்மதி வரும் என்று ஆறு வருஷமாக நினைத்திருந்தாள், அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது இது. பெரிய டீச்சர் எழுந்தாள், "காபி ஆறிரும் மேடம், அப்படியே நம்ம டாய்லெட் பிளாக்கையும் ஒரு பார்வ பாத்துட்டு..." என்றாள். அதிகாரி எழுந்தார். பிள்ளைகள் எழுந்து நன்றி சொல்லி ராகம் இழுத்தார்கள். இருவரும் வாசலை நோக்கி நடந்தார்கள்.

"டீச்சர்" என்றாள் முப்பிடாதி. நோட்டில் படத்தைப் பாதி வரைந்திருந்தாள், ஸ்கேல் கையில் இருந்தது. கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை, நல்ல பிள்ளையாக, பாடத்தில் சந்தேகமாகத்தான் கேட்டாள். "மேல தலைப்பு போடலையே டீச்சர். என்ன எழுதணும்? கற்பனைத் தண்ணின்னா?" யாரும் சிரிக்கவில்லை. வாசலில் அதிகாரியின் கால் நின்றது, வகுப்புக்குள் ஒன்று, வெளியே ஒன்று. சரி எழுது என்று சொன்னால் போதும், அரை விநாடி வேலை. நாற்பத்தொரு நோட்டில் நாற்பத்தொரு தலைப்பு ஏறும், கற்பனை என்று, அழகான கையெழுத்தில், அடிக்கோடு போட்டு. அந்த நோட்டுகளை அவளே வாங்கித் திருத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ரைட்டு போட வேண்டும். ஜெபக்கனி சாக்பீஸைத் தேடினாள், கையிலேயே இருந்தது. பலகையின் உச்சியில், எண்கோட்டுக்கும் இன்ட்டுகளுக்கும் மேலே, எழுதத் தொடங்கினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. ஏழாம் வகுப்பு ஆ பிரிவு மாணவிகள் நேற்று பள்ளியில் குடித்த தண்ணீர். தேதியும் போட்டாள். திரும்பியபோது பெரிய டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் துடைத்துவிடுவோம் என்று தெரியும். "கற்பனை இல்ல மேடம்" என்றாள் வாசலைப் பார்த்து. "நான் பொய் சொன்னேன். முப்பிடாதி, நீ மேடத்துக்கிட்ட சொல்ல வந்தயே, அதச் சொல்லி முடி." முப்பிடாதி எழுந்தாள். டீச்சரைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள், இந்தத் தடவை யாரும் இடையில் பேசவில்லை.

"இன்டர்வெல்ல வீட்டுக்கு ஓடிப்போய் ஒண்ணுக்கு இருந்துட்டு வந்துருவேன் மேடம். எனக்கு வீடு கிட்டக்க. இவளுகளுக்குப் போக எடம் இல்ல, பூட்டிக் கெடக்கும், இன்னைக்குத்தான் தொறந்துருக்கு. அதான் இவளுக யாரும் குடிக்க மாட்டாளுக. எங்க டீச்சரும் குடிக்க மாட்டாக."